வீடே சுற்றுகிறதா? காதைக் கவனியுங்கள்!

காலை ஐந்தரை மணி. எழுந்து வாசல் தெளிக்கலாம் என்று படுக்கையில் வலது பக்கமாகப் புரள்கிறார் ஓர் இல்லத்தரசி. அவ்வளவுதான்... ஓடாத மின்விசிறி, பீரோ, சுவர்க் கடிகாரம் எல்லாம் விர்ரென்று சுற்ற ஆரம்பிக்கிறது. கண்ணை இறுக மூடினாலும் நிற்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, என்னைப் பிடிங்களேன்... வீடே சுத்துதே!" என்று அலறுகிறார். வயிற்றைப் புரட்டுகிறது. வீடு முழுக்க எழுந்து ஓடி வருகிறது.

அதற்கப்புறம் நடப்பது அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "பித்தம் தலைக்கேறிடுச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொடு" என்பார் மாமியார். "பிரஷரா இருக்கும், இல்லேன்னா சுகர் இறங்கியிருக்கும்" என்பார் கணவர். பக்கத்து வீட்டுக்காரர், "கழுத்தெலும்புத் தேய்மானம் சார், எங்க அண்ணிக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு, கழுத்துப் பட்டை எந்தக் கடையில் மலிவு என்பதையும் சொல்லிவிட்டுப் போவார். காதைப் பற்றி மட்டும் ஒருவரும் பேச மாட்டார்கள். காது நன்றாகக் கேட்கிறது, வலி இல்லை, சீழ் இல்லை... அப்புறம் காது எங்கே வந்தது இதில்?

ஆனால் சுற்றுப்புறமே சுழல்வது போல வரும் இந்தத் தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம் உள்காதுதான். அதிலும் மிகச் சாதாரணமாக வருகிற வகைக்கு மாத்திரையே தேவையில்லை. தெரிந்தவர் ஒருவர் தலையை முறைப்படி நாலு திருப்பு திருப்பினால், பத்து நிமிஷத்துக்குள் காரியம் முடிந்துவிடும். இது தெரியாமல் மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் நம் தெருவிலேயே இரண்டு பேராவது இருப்பார்கள்.

எந்தத் தலைசுற்றல்?

நம் பேச்சுத் தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது. 'தலை சுத்துது' என்ற ஒரே வார்த்தையை நாலைந்து விஷயத்துக்குச் சொல்லிவிடுகிறோம். வெயிலில் வரிசையில் நின்று கண் இருட்டினாலும் அதுதான், ரத்தசோகையில் அசந்துபோனாலும் அதுதான், தாத்தா நடையில் தள்ளாடினாலும் அதுதான். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸைக் கேட்டாலும் அதே வார்த்தை! டாக்டரிடம் போய் "தலை சுத்துது டாக்டர்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அவர் பிரஷர் கருவியைத்தான் முதலில் எடுப்பார். அவர் மேல் தப்பில்லை.

உட்கார்ந்திருந்து சடாரென்று எழுந்து நிற்கும்போது கண் இருண்டு, விழப்போவது போல வருகிறதா? அது பெரும்பாலும் ரத்த அழுத்தம் சற்று நேரத்துக்கு இறங்குவதால் வருவது. சரியாகச் சாப்பிடாதவர்கள், தண்ணீர் குடிக்காதவர்கள், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது வரும். படுத்தால் சரியாகிவிடும். ஆனால் படுத்திருக்கும்போதே, புரண்டு படுத்தால் அறையே சுழல்கிறது என்றால் லோ பிரஷர் மேல் பழி போட முடியாது. காதைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்துச் சொன்னாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

காதுக்குள் ஒரு ரசமட்டம்

கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பார் இல்லையா? கண்ணாடிக் குழாய்க்குள் திரவம், அதில் ஒரு குமிழி. ஏறக்குறைய அதே மாதிரி ஓர் ஏற்பாட்டை இயற்கை நம் இரண்டு காதுகளுக்குள்ளும் வைத்திருக்கிறது. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் பகுதி, ஒலியைக் கேட்பதற்கு. அதன் பக்கத்திலேயே அரைவட்டமாக வளைந்த மூன்று குழாய்கள். அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சந்திக்கின்றன அல்லவா, அப்படி ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்திருக்கும். உள்ளே திரவம். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும், ஏதாவது ஒரு குழாயில் திரவம் அசைந்து, "தலை இந்தப் பக்கம் திரும்புகிறது" என்று மூளைக்குச் செய்தி போகும்.

குழாய்களின் அடியில் இரண்டு சின்னப் பைகள். அவற்றில் கூழ் போன்ற மெத்தையின் மேல் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நிஜமான சுண்ணாம்புதான், கால்சியம் கார்பனேட்! லிஃப்ட் மேலே போகிறது, பஸ் வேகம் எடுக்கிறது என்பதெல்லாம் இந்தத் துகள்களின் எடை சரிவதால்தான் நமக்குத் தெரிகிறது.

காதுக்கும் கண்ணுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நடந்துகொண்டே கடைப் பலகையைப் படிக்க முடிவது அதனால்தான். தலை அசைந்தால் அதற்கு ஈடாகக் கண் எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடும். காது பொய்ச் செய்தி அனுப்பினால்? தலை அசையாதபோதே கண்மணிகள் இப்படியும் அப்படியும் வெட்டி வெட்டி இழுக்கும். அறை சுற்றுகிற மாதிரி நமக்குத் தோன்றுவதும் அதனால்தான்.

இதையெல்லாம் துருவிக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் வியன்னாவைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் பாரானி. நோயாளிகளின் காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது, தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் தலை சுற்றுகிறது, கண் ஒரு பக்கம் துடிக்கிறது. சூடாக இருந்தால் எதிர்ப்பக்கம் துடிக்கிறது என்பதைக் கவனித்தார். அவருக்கு 1914-ஆம் வருஷத்து நோபல் பரிசு கிடைத்தபோது அவர் எங்கே இருந்தார் தெரியுமா? முதல் உலகப்போரில் பிடிபட்டு, ரஷ்யாவில் போர்க்கைதியாக! ஸ்வீடன் இளவரசர் தலையிட்டுப் பேசியதால் 1916-இல்தான் விடுதலையானார்.

இடம் மாறிய துகள்

நாம் முதலில் பார்த்த காலை ஐந்தரை மணி ஆசாமிக்கு என்ன ஆயிற்று? பையில் ஒட்டியிருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் சில கழன்று, அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டன. தலையைத் திருப்பும்போதெல்லாம் அவை குழாய்க்குள் உருண்டு திரவத்தைத் தள்ளுகின்றன. தலை நின்ற பிறகும் துகள் உருள்கிறது. மூளை ஏமாந்துபோகிறது.

இந்த வகையின் அடையாளங்களை ஒருமுறை மனசில் வாங்கிக்கொண்டால் மறக்காது. ஒவ்வொரு சுழற்சியும் சில விநாடிகள், மிஞ்சினால் ஒரு நிமிஷம். பயத்தில் நமக்கு அரைமணி நேரம் போலத் தோன்றும், கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். சும்மா இருக்கும்போது வராது. புரண்டு படுத்தால், படுக்கையிலிருந்து எழுந்தால், பரணில் இருக்கும் பாத்திரத்தை அண்ணாந்து பார்த்தால், கொடியில் துணி உலர்த்தினால், குனிந்து தலை அலசினால் வரும். பல் டாக்டர் நாற்காலியைச் சாய்த்ததும் வந்தது என்பவர்களும் உண்டு. காது கேட்பதில் எந்த மாற்றமும் இருக்காது, இரைச்சலும் இருக்காது.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு அதிகம். தலையில் அடிபட்டவர்களுக்கு, ரொம்ப நாள் படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்கும் வரும். காரணமே இல்லாமலும் வரும்.

கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. சொல்லப்போனால் ஸ்கேனில் இந்தத் துகள் தெரியவே தெரியாது. 1952-இல் லண்டன் டாக்டர்கள் மார்கரெட் டிக்ஸ், சார்லஸ் ஹால்பைக் இருவரும் விவரித்த சோதனையைத்தான் இன்றும் செய்கிறார்கள். உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சடாரென்று மல்லாக்கச் சாய்த்து, கண்மணிகளைக் கவனிப்பார் டாக்டர். அவை ஒரு குறிப்பிட்ட தினுசில் சுழன்று துடித்தால் எந்தக் காது, எந்தக் குழாய் என்பது வரை தெரிந்துவிடும். தலைசுற்றல் என்று போனால், "படுக்க வைத்து ஒருமுறை சோதித்துப் பார்க்கிறீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நாலு திருப்பு வைத்தியம்

அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்துக் காது டாக்டர் ஜான் எப்ளி. "துகள் குழாய்க்குள் உருண்டுதானே உள்ளே வந்தது? தலையை அதற்கேற்ப உருட்டினால் வெளியே போய்விடாதா?" என்று யோசித்தவர். சக டாக்டர்கள் லேசில் நம்பவில்லை. தலையைத் திருப்பி வியாதியைக் குணப்படுத்துவதாவது என்று சிரித்தார்கள். 1992-இல் அவர் விவரமாக எழுதிய கட்டுரை வந்த பிறகு மெல்ல மெல்ல உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்டது.

வலது காதில் கோளாறு என்றால் செய்முறை இதுதான். கட்டிலில் காலை நீட்டி உட்கார வைத்துத் தலையை வலது பக்கம் 45 டிகிரி, அதாவது நேர்ப் பார்வைக்கும் தோளுக்கும் பாதி வழி, திருப்புவார்கள். அப்படியே மல்லாக்கச் சாய்ப்பார்கள். தலை கட்டிலுக்கு வெளியே சற்றே தொங்க வேண்டும். இப்போது சுற்றும். சுற்றத்தான் வேண்டும், பயந்து எழுந்துவிடக் கூடாது! அடங்கும்வரை, அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் காத்திருந்து, தலையைத் தூக்காமலே இடது பக்கமாகத் திருப்பி, இடது தோளை நோக்கி 45 டிகிரிக்குக் கொண்டுவருவார்கள். மறுபடி காத்திருப்பு. அடுத்து உடம்பையே இடது பக்கம் ஒருக்களிக்க வைத்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி தலையைத் திருப்புவார்கள். அங்கேயும் காத்திருந்து, காலைக் கீழே தொங்கவிட்டு மெதுவாக எழுந்து உட்கார வேண்டியதுதான். இடது காது என்றால் எல்லாமே நேர் எதிர்.

பத்தில் எட்டுப் பேருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே குணம் தெரியும். சிலருக்கு ஓரிரு நாள் லேசான தள்ளாட்டம் இருக்கும், அவ்வளவுதான். "ரெண்டு நாள் உட்கார்ந்துகிட்டே தூங்கணும்" என்று முன்பெல்லாம் சொன்னார்கள். இப்போது அது தேவையில்லை என்று தெரிந்துவிட்டது.

முதல் தடவை டாக்டரிடம்தான் செய்துகொள்ள வேண்டும். எந்தக் காது என்று தெரியாமல் வீட்டில் செய்தால் பலன் இருக்காது. கழுத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கழுத்தைத் திருப்ப முடியாதவர்கள், விழித்திரை விலகல் உள்ளவர்கள் தாங்களாகச் செய்யவே கூடாது. அவர்களுக்கு வேறு முறைகள் இருக்கின்றன.

மாத்திரை விஷயம்

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மருந்துகள் வாந்தியையும் சுழற்சியின் வேகத்தையும் அடக்கும். கடும் வேதனையில் இரண்டு மூன்று நாள் சாப்பிடலாம், தப்பில்லை. ஆனால் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி வாங்கி ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஓட்டுகிறோம் பாருங்கள், அங்கேதான் ஆபத்து. உருண்டுபோன துகளை எந்த மாத்திரையும் திருப்பி அனுப்பாது. பீட்டாஹிஸ்டினும் அப்படித்தான்.

மேலே சொன்ன முதல் இரண்டையும் நீண்டகாலம் சாப்பிடும் வயதானவர்களுக்குக் கை நடுக்கம், உடம்பு இறுக்கம், குட்டிக் குட்டி அடியாக நடப்பது என்று பார்க்கின்சன் நோய் மாதிரியே அறிகுறிகள் வரக்கூடும். "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, நடையே தளர்ந்துபோச்சு" என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். நடுக்கத்துக்கு என்று இன்னொரு மாத்திரை சேரும். தூக்கக் கலக்கம் வேறு. ராத்திரி பாத்ரூம் போகையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், தலைசுற்றலைவிடப் பெரிய துன்பம். உங்கள் வீட்டுப் பெரியவர் தினம் சாப்பிடும் மாத்திரைகளில் இவை இருக்கின்றனவா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். இருந்தால், எத்தனை நாள் சாப்பிடுகிறார் என்பதை டாக்டரிடம் சொல்லி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள்.

கழுத்துப் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐம்பது வயதுக்கு மேல் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கழுத்தெலும்பில் கொஞ்சம் தேய்மானம் தெரியும். தலைசுற்றலுக்கு அது காரணமாவது அபூர்வம். பட்டையைக் கட்டிக்கொண்டு தலையை அசைக்காமலே இருந்தால் நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம்.

மணிக்கணக்கில் சுற்றினால்

எல்லாம் துகள் சமாசாரம் இல்லை. சளி, ஜுரம் வந்து போனபின் திடீரென்று ஆரம்பித்து ஒரு நாள், இரண்டு நாள் விடாமல் சுற்றுகிறது, வாந்தி நிற்கவில்லை என்றால் சமநிலை நரம்பில் அழற்சி ஏற்பட்டிருக்கலாம். முதல் சில நாள் ஓய்வு சரி. அதற்கப்புறம் படுத்தே கிடந்தால் தேறுவது தாமதமாகும். கட்டை விரலை முன்னால் நீட்டிப் பிடித்து, பார்வையை அதிலேயே நிறுத்தி, தலையை மட்டும் இடமும் வலமும் அசைப்பது போன்ற பயிற்சிகளைச் சொல்லித் தருவார்கள். செய்யும்போது தலை கிறுகிறுக்கும். அந்தக் கிறுகிறுப்பில்தான் மூளை புதுக் கணக்கைப் பழகிக்கொள்கிறது.

இன்னொன்று, 1861-இல் பாரிஸ் டாக்டர் புராஸ்பர் மெனியே விவரித்ததால் அவர் பெயரையே தாங்கிய நோய். காது அடைத்தாற்போல் இருக்கும், இரைச்சல் கேட்கும், கேட்கும் சக்தி மங்கும், கூடவே இருபது நிமிஷத்திலிருந்து பல மணி நேரம் வரை சுற்றும். பிறகு சரியாகும், மறுபடி வரும். உள்காது திரவம் கூடுதலாகத் தேங்குவதோடு இதற்குத் தொடர்பு உண்டு. காது கேட்கும் சோதனை அவசியம். உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். நம் வீட்டில் உப்பு என்பது சாம்பாரில் மட்டுமா இருக்கிறது? ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வடகம், கருவாடு, மிக்சர்... எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலைவலியே இல்லாமல் சுழற்சி மட்டும் வருவதும் உண்டு. வெளிச்சம், சத்தம் பிடிக்காமல் இருட்டில் படுக்கத் தோன்றினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காதை எத்தனை சோதித்தாலும் இது பிடிபடாது.

இப்படி இருந்தால் காத்திருக்காதீர்கள்

தலைசுற்றலோடு பேச்சு குழறுகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது, முகம் ஒரு பக்கம் கோணுகிறது, கையோ காலோ மரத்துப்போகிறது, விழுங்க முடியவில்லை, என்றைக்கும் இல்லாத கடும் தலைவலி, பிடித்துக்கொண்டால்கூட நிற்க முடியாமல் சரிகிறார்... இவற்றில் ஒன்று இருந்தாலும் அது மூளையின் பின்பகுதியில் ரத்த ஓட்டம் தடைப்பட்ட ஸ்ட்ரோக்காக இருக்கலாம். எலுமிச்சை ஜூஸ், கஷாயம் எதற்கும் நேரமில்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துவைப்பது அதனால்தான் முக்கியம். சர்க்கரை, பிரஷர், இதயநோய் உள்ளவருக்கு முதன்முறையாக வந்த சுழற்சி நிற்காமல் தொடர்ந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள். ஆரம்பத்தில் சாதாரண சி.டி. ஸ்கேனில் இது தெரியாமல் போவதும் உண்டு. எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று டாக்டர் சொன்னால் பணம் பிடுங்குவதாக நினைத்துவிட வேண்டாம்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், தலை சுற்றினாலும் சுற்றாவிட்டாலும் அன்றைக்கே காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் கேட்கும் சக்தி திரும்ப வாய்ப்பு அதிகம். "அழுக்கு அடைச்சிருக்கும், எண்ணெய் விட்டா சரியாப் போகும்" என்று இரண்டு வாரம் கடத்திவிட்டுப் போகிறவர்களுக்கு டாக்டராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

சுற்றும் அந்த நேரத்தில்

நின்றுகொண்டிருந்தால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். கட்டிலைத் தேடி ஓடத் தேவையில்லை. அடுப்பு எரிந்தால் யாரையாவது அணைக்கச் சொல்லுங்கள். தலையை அசைக்காமல் ஏதாவது ஒரு பொருளை, கதவுக் கைப்பிடியோ காலண்டரோ, உற்றுப் பாருங்கள். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்து வாயில் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. பாத்ரூமுக்குத் தனியே விடாதீர்கள், போனாலும் உள்தாழ்ப்பாள் வேண்டாம்.

கூட இருப்பவர் ஒரு நல்ல காரியம் செய்யலாம். செல்போனில் அவருடைய கண்களைக் கிட்டத்தில் அரை நிமிஷம் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டரிடம் போவதற்குள் சுழற்சி நின்றிருக்கும். கண்மணி துடித்த விதத்தை அந்த வீடியோவில் பார்த்தாலே அவருக்குப் பல விஷயம் பிடிபட்டுவிடும்.

குணமாகும்வரை டூவீலர், கார் எதுவும் ஓட்டக் கூடாது. ஸ்டூல் போட்டுப் பரண் ஏறுவது, கிணற்றில், ஆற்றில் நீந்துவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வயதானவர்கள் எழும்போது படுக்கையிலேயே ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். ராத்திரியில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும்.

துகள் வகைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சில வருஷம் கழித்துத் திரும்ப எட்டிப்பார்க்கும். வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று 2020-இல் வெளிவந்த கொரிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அடிக்கடி வருகிறவர்கள் ரத்தத்தில் அந்த அளவைப் பார்த்துக்கொள்ளலாம். மறுபடி வந்தால், போன தடவை வலது காதுக்குச் செய்த முறையையே கண்ணை மூடிக்கொண்டு செய்ய ஆரம்பித்துவிடாதீர்கள். இந்தத் தடவை இடது காதாக இருக்கலாம். எந்தப் பக்கம் புரண்டால் சுற்றுகிறது என்பதை முதலில் பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.